வரவு என் நோட்டில், செலவு அவள் நோட்டில்

(பொங்கல் விழாவையொட்டி நம் சமூகக் கூடத்தில் நடந்த மூத்த குடியிருப்போர் நிகழ்ச்சியில் பேசியது. வர முடியாத சிலர் கேட்டதால் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



செயலாளர் என்னிடம் கொடுத்த தலைப்பு "ஓய்வுக்குப் பின் பயனுள்ள பொழுதுபோக்கு". அதைப் பற்றிப் பேச இந்தக் கூடத்தில் என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். தோட்டம் போட்டவர்கள் இருக்கிறார்கள், கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அதனால் அவர் அனுமதியோடு தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஓய்வுக்குப் பின் அல்ல, ஓய்வுக்கு முன். வேலையும் குழந்தையும் வீட்டுக்கடனும் இருக்கிற வயதில் ஒருவருக்குக் கலைமேல் பித்துப் பிடித்தால் வீட்டில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

காரணம், போன தீபாவளிக்கு முன்பு லிஃப்டில் நடந்த ஒரு பேச்சு. நம் குடியிருப்பில் ஓர் இளைஞர் குறும்படம் எடுக்கிறார். பெயர் வேண்டாம், எந்த பிளாக் என்றும் வேண்டாம். வாரம் ஐந்து நாள் கம்ப்யூட்டர் கம்பெனி, சனி ஞாயிறு கேமராவும் நண்பர்களும். நான் ஒரு காலத்தில் நாடகம் போட்டவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சார், நீங்க எப்படிச் சமாளிச்சீங்க? வீட்ல ரெண்டு வாரமா சரியாப் பேசறதே இல்ல சார்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் அனுசரிச்சுப் போயிடும் தம்பி" என்றேன். மூன்றாவது மாடி வந்தது, இறங்கிவிட்டேன்.

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போதே உறுத்தியது. அனுசரித்துப் போனது யார்? நானா? அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய சரியான பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். அவரும் வந்திருக்கிறார். அவர் மனைவியும் வந்திருக்கிறார். ரொம்ப சந்தோஷம்.

முதலில் என் கதை. 1980-ல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். காலை பத்து மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்தால் பணம் எண்ணுவது, செலான் பார்ப்பது, லெட்ஜர் போடுவது. அன்றைக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. மாலையில் பத்துப் பைசா டாலி ஆகவில்லை என்றால் அந்தப் பத்துப் பைசா கிடைக்கும்வரை யாரும் எழுந்து போக முடியாது. நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் 25 வயதில் ஒரு மனிதனுக்கு அது மட்டும் போதவில்லை.

எங்கள் வங்கி ஊழியர்கள் சிலர் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துச் சென்னையில் இது அதிசயமே இல்லை. சபா மேடையில் நின்றவர்களில் பெரும்பாலானவர்கள் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள்தான். கே. பாலசந்தர் ஏ.ஜி. அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதியவர். சோ வழக்கறிஞர். கிரேஸி மோகன் கிண்டியில் படித்த இன்ஜினியர். அந்த வரிசையில் கடைசிக்கும் கடைசியாக நானும் ஒருவன்.

1983-ல் முதல் மேடை. "சார், தபால்!" என்று ஒரே ஒரு வசனம். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த சில வருடங்களில் பெரிய வேஷங்கள் வந்தன, பிறகு நானே இரண்டு நாடகங்கள் எழுதினேன். வாரத்தில் மூன்று நாள் ஒத்திகை. சனி, ஞாயிறு மாலை ஆறரைக்கு நாடகம் என்றால் மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும். செட் வந்ததா, மேக்கப்காரர் வந்தாரா, டேப்பில் மழைச் சத்தம் சரியான இடத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்து சாமான் ஏற்றி, எங்கேயாவது இட்லி சாப்பிட்டு, அன்றைக்கு எந்த வசனத்துக்குக் கூட்டம் சிரித்தது, எதற்குச் சிரிக்கவில்லை என்று பேசி முடித்து வீடு வர பன்னிரண்டு ஆகும். பணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. சபா கொடுப்பது செட்டுக்கும் லைட்டுக்கும் சரியாகப் போய்விடும். சில மாதம் கைக்காசும் போகும்.

1985-ல் எனக்குக் கல்யாணம் ஆனது. 1987-ல் மகள் பிறந்தாள். நாடகம் நிற்கவில்லை. 2003 வரை நிற்கவில்லை.

இடையில் ஒன்று நடந்தது. ஆபீசர் பிரமோஷன் வந்தது. வங்கியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கிளார்க் ஆபீசரானால் சம்பளம் கூடும், கூடவே டிரான்ஸ்ஃபரும் வரும். வெளியூர், சில சமயம் வெளிமாநிலம். சென்னையை விட்டால் நாடகம் போச்சு. "எனக்குப் பிரமோஷன் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா? "குழந்தை படிப்பு கெட்டுடும், அதான் வேண்டாம்னுட்டேன்." இதைச் சொன்னபோது என்னை நானே ஒரு தியாகியாக நினைத்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி இரண்டு நோட்டுகளின் கதைக்கு வருகிறேன். ஐந்து மாதத்துக்கு முன் நம் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடித்தார்களே, அப்போது நாங்களும் வீட்டுக்குள் அடித்துவிடலாம் என்று பரணைக் காலி செய்தோம். ஒரு டிரங்குப் பெட்டியில் என் நாடக நோட்டு கிடைத்தது. கிளார்க் புத்தி, ஒவ்வொரு மேடைக்கும் வரிசை எண், தேதி, சபா, கூட்டம் எப்படி, என்ன தவறு நடந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் 386 மேடை. அதே பெட்டியில் கீழே ஒரு கட்டு நோட்டு, சணல் கயிறு கட்டி. என் மனைவியின் வரவு செலவு நோட்டுகள். பால், காய்கறி, ஸ்கூல் ஃபீஸ், இஸ்திரி. கல்யாணமான மாதத்திலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறாள். அவற்றை நான் திறந்து பார்த்ததே இல்லை.

வங்கியில் ரீகன்சிலியேஷன் என்று ஒரு வேலை உண்டு. இரண்டு பேர் தனித்தனியாக எழுதிய கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் இருப்பதை டிக் அடித்துக்கொண்டே போக வேண்டும். டிக் விழாமல் மிஞ்சுவதில்தான் விஷயம் இருக்கும். 38 வருடம் அந்த வேலை பார்த்தவன் கையில் இரண்டு நோட்டு கிடைத்தால் என்ன செய்வான்? சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒரு தேதி சொல்கிறேன். 1991 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. என் நோட்டில்: "மேடை 143. மழை. இருந்தும் நல்ல கூட்டம். இரண்டாவது சீனில் நல்ல கைதட்டல்." அவள் நோட்டில் அதே தேதி: "ஆட்டோ 22. டாக்டர் 30. மருந்து 47.50. ஆட்டோ 25."

நாலு வயதுக் குழந்தை. வீசிங். நவம்பர் மழையில் ஆட்டோ பிடித்து, டாக்டரிடம் காட்டி, ஊசி போட்டு, மறுபடி ஆட்டோ பிடித்துத் திரும்பியிருக்கிறாள். போகும்போது 22, வரும்போது 25. திரும்பும்போது இரவாகியிருக்கும், மூன்று ரூபாய் கூடக் கேட்டிருப்பான். இந்த விஷயமே எனக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

நோட்டோடு சமையலறைக்குப் போனேன். "ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

அவள் வாங்கிப் பார்த்தாள். "சொன்னேனே. நீங்க வந்ததும் கதவைத் திறந்துட்டே சொன்னேன். நீங்க 'ம்'னீங்க. அப்புறம் ரெண்டாவது சீன்ல எப்படிக் கை தட்டினாங்கன்னு சொன்னீங்க. ரொம்ப நேரம் சொன்னீங்க."

சொல்லிவிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்கப் போய்விட்டாள். அவள் குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. 34 வருடத்துக்கு முந்தைய ஒரு தகவலைச் சொன்னாள், அவ்வளவுதான்.

எனக்கு அந்த இரவு சுத்தமாக நினைவில்லை. இரண்டாவது சீன் மட்டும் இன்றைக்கும் வசனத்தோடு நினைவிருக்கிறது.

மறுநாள், இத்தனை வருடம் சொல்லாத பிரமோஷன் விஷயத்தையும் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். அவள் சிரித்தாள். "அது அப்பவே தெரியும். உங்க ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவரோட வீட்டம்மா ஒரு கல்யாணத்துல சொன்னாங்க." பிறகு அவள் சொன்னதுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "கேட்டிருந்தா நானே வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். எனக்கும் அம்மாவை விட்டுட்டு ஊர் ஊராப் போக இஷ்டமில்ல. நீங்க கேட்கல. குழந்தை மேல பழியைப் போட்டுட்டீங்க."

அந்தப் பொய்க்கு அவசியமே இருந்திருக்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதை நான் திருடி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் பி.காம். முதல் வகுப்பில் முதலில் சொல்லிக்கொடுத்தது இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு பற்றுக்கும் சமமான ஒரு வரவு எங்கேயோ இருந்தே தீர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதி எந்தக் கணக்கையும் முடிக்க முடியாது. கலைக்கும் இதே விதிதான். ஒருவர் வாரத்துக்கு 20 மணி நேரம் கலைக்குக் கொடுக்கிறார் என்றால் அந்த 20 மணி நேரம் வேறு யாரோ ஒருவர் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. அந்த இன்னொரு பக்கத்தைப் படிக்கும் பழக்கம்தான் நமக்கு இல்லை.

பெரியவர்கள் விஷயத்திலும் நாம் ஒரு பக்கத்தைத்தான் படிக்கிறோம். பாரதியார் விழா நடக்கும் இடமெல்லாம் ஒரு சம்பவம் சொல்வார்கள். சமையலுக்கு வைத்திருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்துவிட்டு ஆனந்தமாகப் பாடினார் என்று. நாம் கை தட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன், மேடையிலேயே சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்குச் செல்லம்மாள் அடுப்பில் எதை ஏற்றினார் என்று ஒரு பேச்சாளரும் சொல்லிக் கேட்டதில்லை. பாரதி 1921-ல், 38 வயதில் காலமானார். இரண்டு பெண்களோடு நின்ற செல்லம்மாள் அதற்குப் பிறகு அவர் நூல்களைப் பதிப்பிக்கப் பாடுபட்டார், அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் சொல்லி எழுதவைத்தார். மகாகவியின் கணக்கில் இன்னொரு பக்கம் அது. பாரதியைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர் பெயரோடு அந்த அம்மாள் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

வெளிநாட்டுக்குப் போனாலும் இதே கதைதான். டால்ஸ்டாய் 1862-ல் கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு 34, சோஃபியாவுக்கு 18. பதின்மூன்று பிரசவம். அந்தப் பிரசவங்களுக்கு நடுவில், "போரும் அமைதியும்" நாவலின் அடித்தல் திருத்தல் நிறைந்த காகிதங்களை எடுத்து அந்த அம்மாள் திரும்பத் திரும்பக் கையால் நகல் எடுத்தார். அது எத்தனை பெரிய புத்தகம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் என்ன ஆனது? 1910-ல், 82 வயதில், டால்ஸ்டாய் இரவோடு இரவாக வீட்டை விட்டுக் கிளம்பிப் போனார். வழியில் அஸ்தாபோவோ என்ற சின்ன ரயில் நிலையத்தில் காய்ச்சலோடு படுத்தார். சோஃபியா தனி ரயில் பிடித்து வந்து சேர்ந்தார். அவர் நினைவு தப்பும்வரை மனைவியை உள்ளே விடவில்லை. மனித குலத்தையே நேசித்தவர் வீட்டுக் கணக்கு முடிந்த விதம் இது. தவறு யார் பக்கம் என்று நூறு வருடமாக வாதாடுகிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. 48 வருடம் அந்தக் கணக்கை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்து டாலி செய்யவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

அப்படியானால் கலையை விட்டுவிட வேண்டுமா? இல்லவே இல்லை. நாடகம் இல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் நல்ல கணவனாக இருந்திருப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை. கவுண்டரில் ஆறு மணி நேரம் பணம் எண்ணிவிட்டு வந்து, எதிலும் பிடிப்பில்லாமல், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிற மனிதனாக இருந்திருப்பேன். அப்படிச் சிலரை எனக்குத் தெரியும்.

சேர்த்து நடத்தியவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரைச் சொல்கிறேன்.

ஒருவர் ஆந்தனி டிராலப், ஆங்கில நாவலாசிரியர். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் அவரும் ஒரு கிளார்க். 1834-ல், 19 வயதில் லண்டன் தபால் துறையில் சேர்ந்தார், 1867 வரை அங்கேயே வேலை பார்த்தார். தெருவில் நிற்கும் தபால் பெட்டியை அந்த நாட்டுக்குக் கொண்டுவர யோசனை சொன்னவரே அவர்தான். இந்த வேலைக்கு நடுவே எழுதத் தொடங்கி, மொத்தம் 47 நாவல்கள் எழுதினார். எப்படி? காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொள்வார். கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை. மூன்று மணி நேரம் ஆனதும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காலை உணவுக்குத் தயாராகப் போய்விடுவார். அவர் இறந்த பிறகு 1883-ல் வெளியான சுயசரிதையில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். "கடிகாரம் பார்த்து எழுதினால் அது இலக்கியமா?" என்று விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும்.

அதில் என்னைக் கவர்ந்தவை இரண்டு சின்ன விஷயங்கள். அதிகாலையில் தன்னை எழுப்பிக் காபி கொடுக்கும் வேலைக்காரருக்கு, அந்த வேலைக்கென்று வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். தன் ஆசைக்கு ஆகும் செலவைத் தன் கணக்கிலேயே எழுதினார். இரண்டாவது, அவர் எழுதியது அச்சுக்குப் போகும் முன் படித்தவர் ஒரே ஒருவர், மனைவி ரோஸ். நான் எழுதிய இரண்டு நாடகங்களையும் என் மனைவி மற்றவர்களோடு சபாவில் உட்கார்ந்துதான் முதன்முதலில் பார்த்தாள்.

இன்னொருவர் நம் திருவல்லிக்கேணிக்காரர், வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901-ல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி ஆறு வயதுகூட நிரம்பாதபோதே கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. கணவர் பார்த்தசாரதிக்கு நாடகம் பார்ப்பதில் ஆசை, மனைவியையும் அழைத்துக்கொண்டு போவார். பார்த்துப் பார்த்து அந்த அம்மாளுக்குத் தானே ஒரு நாடகம் செய்யும் எண்ணம் வந்தது. எழுதத் தெரியாது. அதனால் பட்டம்மாள் என்ற தோழியிடம் வாயால் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அதுதான் "இந்திரமோஹனா". பிறகு எழுதவும் கற்றுக்கொண்டு, 115 நாவல்கள் எழுதினார். 1925 முதல் "ஜகன்மோகினி" பத்திரிகையை முப்பது வருடத்துக்கு மேல் நடத்தினார். ஒரு கூட்டுக் குடும்பத்து மருமகள், நூறு வருடத்துக்கு முன்னால்! கணவர் தனியாக நாடகத்துக்குப் போய்விட்டு வந்து, "ரெண்டாவது சீன் பிரமாதம்" என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த 115 நாவல்கள் வந்திருக்குமா?

கலை அந்த வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரையும் சேர்த்துக்கொண்டு நடந்தது. என் நாடகம் வீட்டு வாசலோடு நின்றது. நான் மட்டும் வெளியே போய் அதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

இனி அந்தத் தம்பிக்கான பதில். நான் உபதேசம் செய்யும் தகுதியில் இல்லை. எனக்கு நடந்ததிலிருந்து நான்கு விஷயம் சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். "ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங் இருக்கு" என்பது தகவல். "ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேணும், காலை ஆறிலிருந்து இரண்டு வரை, உனக்குச் சரியா?" என்பது கேள்வி. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வரும் நேரம் சொல்லாத கடன், தவணை சொல்லாத கடன். கொடுத்தவர் எத்தனை நாள் பொறுப்பார்? சமையலறை காலண்டரில் எழுதி வையுங்கள். எழுதியது வாயால் சொன்னதைவிட நிற்கும்.

இரண்டு, கலையைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். நான் வீட்டில் இல்லாத நாட்களை என் மனைவி பெரிதாக நினைக்கவில்லை. நான் வந்த பிறகும் வராத நாட்களைத்தான் சொன்னாள். கதவு திறந்ததும் முதல் பத்து நிமிஷம் உங்கள் படத்தைப் பற்றிப் பேசாதீர்கள். "இங்க என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் பதிலை முழுதாகக் கேளுங்கள். "ம்" போதாது. பதிலில் ஆட்டோவும் டாக்டரும் இருக்கலாம்.

மூன்று, எதிர்ப்பக்கத்துக்கும் அதே அளவு நேரம் வேண்டும். இது முக்கியமாக ஆண்களுக்கு. நம் வீட்டுப் பெண்களுக்கு நேரம் கிடைப்பதில்லை, மிஞ்சுகிறது. எல்லோரும் தூங்கியபின் இரவு பதினொன்றரைக்கு மிஞ்சினால் ஒரு பத்துப் பக்கம் படிக்கிறார்கள், ஒரு கோலம் வரைந்து பார்க்கிறார்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள். நாம் நம் எட்டு மணி நேரத்தைக் கேட்கும்போதே "உனக்கு எப்போ வேணும்?" என்றும் கேட்டு அதையும் அதே காலண்டரில் எழுத வேண்டும். அந்த நேரத்தில் அவர்கள் கலைதான் வளர்க்க வேண்டும் என்று இல்லை. சும்மா இருக்கலாம். கணக்குக் கேட்கக் கூடாது.

நான்கு, இது கலைஞர்களுக்கு இல்லை, அவர்களோடு வாழ்கிறவர்களுக்கு. பேசாமல் இருந்து தண்டிக்காதீர்கள். என் மனைவி அந்தக் காலத்தில் ஒரு முறையாவது என் நோட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "உட்காருங்க, எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளிடமே கேட்டேன். "சண்டை வந்திருக்கும்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வந்திருந்தா நல்லதுதான்" என்றாள். அதனால் சண்டை போடுங்கள். ஆனால் அவர் நாளைக்கு மேடை ஏறும் நேரத்தில் வேண்டாம், புதன்கிழமை போடுங்கள்.

சங்க வேலையில் மூழ்கியிருக்கும் நம் செயலாளருக்கும் இவை பொருந்தும். அவர் வீட்டம்மா முதல் வரிசையில் தலையாட்டுகிறார், கவனித்தேன்.

என் மகள் இப்போது வெளியூரில் இருக்கிறாள். அவளிடம் போனில் அந்த 1991 நவம்பரைச் சொன்னேன். அவளுக்கு அந்த இரவு நினைவில்லை. "அப்பா, நீங்க வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு வசனம் சொல்வீங்களே, அதான் ஞாபகம் இருக்கு. பயமா இருக்கும். என்கிட்ட கோபமா பேசறீங்களோன்னு நினைப்பேன்" என்றாள். இது மூன்றாவது நோட்டு. என்னிடம் இருக்கவே இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து முதல் ஏழு வரை, இதே கூடத்தில் நம் குழந்தைகளுக்கு நாடகம் சொல்லித் தருகிறேன். அதை ஆரம்பிக்கும் முன் வீட்டில் கேட்டேன். 40 வருடத்தில் முதல் தடவை. "ஏழு மணின்னா ஏழு மணி" என்று நிபந்தனை. பதிலுக்கு அவளுக்குச் செவ்வாய், வியாழன் மாலை. எங்கே போகிறாள், என்ன செய்கிறாள் என்று நான் கேட்பதில்லை. அந்த இரண்டு நாளும் ரசம் என் பொறுப்பு. உப்பு இன்னும் கைக்கு வரவில்லை. இந்தப் பேச்சையும் எழுதி முடித்ததும் முதலில் அவளுக்குத்தான் படித்துக் காட்டினேன். அந்த ஆட்டோ விஷயத்தைச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க, ஆனா 22 ரூபாய்னு சரியாச் சொல்லுங்க" என்றாள்.

கோடை விடுமுறையில் குழந்தைகள் நாடகம் அரங்கேறுகிறது. மேடைக்குச் சாமான் தூக்க, உடை தைக்க, மழைச் சத்தம் போட ஆட்கள் வேண்டும். வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள்.